1979: படை இறங்கியது நான்கு முறை, உலகம் பேசியது நான்கு விதம்

கேள்வி இதுதான்: ஒரு நாடு தன் படையை இன்னொரு நாட்டுக்குள் அனுப்பும்போது சில சமயம் உலகமே கொந்தளிக்கிறது, சில சமயம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏன் இப்படி? இந்தக் கண்டன அறிக்கைகளால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா?

'எல்லாம் இரட்டை வேடம்' என்று பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் விளங்காது. யார், எந்த வேடத்தை, எப்போது போடுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்க 1979ஐப் போல வசதியான ஆண்டு கிடையாது. அந்த ஒரே ஆண்டில் மூன்று கொடுங்கோலர்கள் வெளிநாட்டுப் படைகளால் விரட்டப்பட்டார்கள்: ஜனவரியில் கம்போடியாவின் போல் பாட், ஏப்ரலில் உகாண்டாவின் இடி அமீன், செப்டம்பரில் மத்திய ஆப்பிரிக்காவின் பொகாசா. மூவரும் சொந்த மக்களைக் கொன்றவர்கள். டிசம்பர் கடைசியில் சோவியத் படை காபூலுக்குள் நுழைந்தது. நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் செயல். வந்த எதிர்வினைகளோ ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

கம்போடியாவிலிருந்து தொடங்குகிறேன். இதில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

1975 முதல் நான்கு ஆண்டுகளுக்குள் போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை இறந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அந்த ஆட்சி எல்லை தாண்டி வியட்நாம் கிராமங்களையும் தாக்கியது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் முழு அளவில் படையெடுத்தது. இரண்டே வாரத்தில், 1979 ஜனவரி 7 அன்று, தலைநகர் நாம் பென் விழுந்தது.

இப்போது நியூயார்க்கைப் பாருங்கள். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் கெமர் ரூஜ் தரப்பில் பேச வந்தவர் கம்போடியாவின் முன்னாள் ஆட்சியாளரான இளவரசர் சிஹானூக். அதே கெமர் ரூஜ் அவரை அரண்மனையிலேயே சிறை வைத்திருந்தது, அவருடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பலர் அந்த ஆட்சியில்தான் மாண்டார்கள். தலைநகர் விழுவதற்குச் சற்று முன்பு சீன விமானத்தில் வெளியே கொண்டுவரப்பட்ட மனிதர், கவுன்சிலில் உட்கார்ந்து வியட்நாமைக் கண்டித்துப் பேசினார். பேசி முடித்த சில நாளில், கூட வந்த கெமர் ரூஜ் ஆட்களிடமிருந்து தப்பிக்க உதவி கேட்டு அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ரகசியமாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பகலில் ஓர் ஆட்சிக்காக வாதாடி, இரவில் அதே ஆட்சியின் ஆட்களிடமிருந்து தப்பி ஓடிய இன்னொரு பேச்சாளரை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த விவாதத்தில் பிரான்ஸ் பிரதிநிதி சொன்ன கருத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். ஓர் ஆட்சி எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும், அதைக் காரணம் காட்டி வெளிநாட்டுப் படை அதைக் கவிழ்ப்பது நியாயம் என்ற எண்ணம் மிக ஆபத்தானது என்றார். வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்ற வரைவுத் தீர்மானத்துக்கு 13 ஓட்டு விழுந்தது, எதிராக 2. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் யூனியன் என்பதால் வீட்டோவாகி, தீர்மானம் தோற்றது.

அடி விழுந்த இடம் வேறு. செப்டம்பரில் பொதுச்சபை கூடியபோது கம்போடியாவின் நாற்காலி யாருக்கு என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு ஆண்டும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் கொண்டுவரும் சான்றுகளைச் சரிபார்க்க ஒன்பது நாடுகள் கொண்ட ஒரு குழு உண்டு. வழக்கமாக அரை மணி நேரச் சடங்கு. அந்த ஆண்டு அந்தக் குழு 6க்கு 3 என்ற கணக்கில் கெமர் ரூஜின் சான்றை ஏற்றது. பொதுச்சபையில் 71 நாடுகள் ஆதரித்தன, 35 எதிர்த்தன, 34 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின. காட்டுக்குள் ஒளிந்திருந்த ஒரு கூட்டம் நியூயார்க்கில் நாட்டின் பெயரால் உட்கார்ந்தது. நாம் பென்னில் நிஜமாக நிர்வாகம் நடத்தியவர்களுக்கு ஐ.நா.வின் வளர்ச்சி உதவி கிடைக்காமல் போயிற்று. பஞ்ச நிவாரணம் மட்டும் போனது. அதுவும் இழுபறியோடு.

எதற்காக? போல் பாட்டை யாருக்கும் பிடித்திருந்தது என்பதற்காக அல்ல. தாய்லாந்துக்கு வியட்நாம் படை தன் எல்லைக்கு வந்துவிட்டது என்ற பயம். சிங்கப்பூருக்கு இன்னொரு பயம்: பெரிய பக்கத்து நாடு தனக்குப் பிடிக்காத ஆட்சியைக் கவிழ்க்கலாம் என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளைக்குத் தன்னைப் போன்ற குட்டி நாட்டின் கதி என்ன? சீனாவுக்கு வியட்நாம் சோவியத்தின் கையாள். பிப்ரவரியில் சீனாவே வியட்நாமுக்குள் படை அனுப்பி, 'பாடம் புகட்டிவிட்டேன்' என்று மார்ச்சில் திரும்பியது. அமெரிக்காவுக்கு வியட்நாமிடம் தோற்ற காயம் ஆறவில்லை, சீனாவோடு புதிதாக உறவு வேறு. தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானில் அப்போது இருந்த ஐந்து நாடுகளும் ஒரே குரலில் பேசக் கற்றுக்கொண்டதே இந்த விவகாரத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

சரி, உகாண்டாவுக்கு வருவோம். 1978 அக்டோபரில் இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்து, அதைத் தன்னுடையது என்று அறிவித்தது. தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே படை திரட்டி விரட்டினார். அந்த இடத்தோடு நிற்கவில்லை. எல்லையைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், 1979 ஏப்ரலில் கம்பாலாவைப் பிடித்தார். தற்காப்பு என்றால் எல்லையோடு திரும்ப வேண்டும், தலைநகர்வரை போவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். நைரேரே அதற்கும் பதில் வைத்திருந்தார். நடப்பது இரண்டு போர்: ஒன்று தான்சானியா அமீனோடு நடத்துவது, இன்னொன்று உகாண்டா மக்கள் தாங்களே நடத்துவது, அமீனைக் கவிழ்ப்பது இரண்டாவது போரின் வேலை என்றார். சாமர்த்தியமான வாதம். உண்மையில் இரண்டாவது போரின் பாரத்தையும் பெரும்பாலும் முதல் போரின் படைதான் சுமந்தது.

பாதுகாப்பு கவுன்சில் எந்தத் தீர்மானமும் போடவில்லை. புதிய அரசை அண்டை நாடுகளும் மேற்கு நாடுகளும் மளமளவென்று அங்கீகரித்தன. ஜூலையில் மன்ரோவியாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் சூடானும் நைஜீரியாவும் முணுமுணுத்தன. அத்தோடு சரி.

பொகாசா கதை இன்னும் சுருக்கம். 1977இல் தன்னைப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டவர், அந்தக் கூத்துக்குப் பணம் கொடுத்ததில் பிரான்ஸுக்கும் பங்கு உண்டு. 1979 ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் கொல்லப்பட்ட செய்தி வந்த பிறகு அந்த நட்பு பிரான்ஸுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. செப்டம்பரில் அவர் லிபியாவில் இருந்த நேரம் பார்த்து பிரெஞ்சுப் படை தலைநகர் பாங்கியில் இறங்கியது. அடுத்த அதிபர் டேவிட் டாக்கோவையும் பிரெஞ்சு விமானமே கொண்டுவந்து இறக்கியது. 'ஓர் ஆட்சி எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும்' என்று ஜனவரியில் பாடம் நடத்திய அதே பிரான்ஸ்தான். ஐ.நா.வில் தீர்மானம் வந்ததா என்றால், இல்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். அரசுகள் 'இந்தப் படையெடுப்பு நல்லதா கெட்டதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. 'இது இன்னும் நாலு இடத்தில் நடந்தால் எனக்கு என்ன ஆகும்' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. தான்சானியா ஏழை நாடு. அது அடுத்து கென்யாவைப் பிடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அதன் பின்னால் எந்த வல்லரசும் நிற்கவில்லை. அமீனுக்கும் லிபியாவைத் தவிர ஆள் இல்லை. பிரான்ஸ் தன் பழைய காலனிகளுக்குள் போய்வருவது அப்போது மாமூல். வியட்நாமோ பெரிய படையோடு, சோவியத் ஆதரவோடு நின்றது. போனால் திரும்பிவிடும் என்று யாரும் நம்பவில்லை. பத்து ஆண்டு திரும்பவும் இல்லை.

டிசம்பர் 27 காபூல். இங்கே 'அழைப்பு' என்ற சங்கதி வருகிறது. ஆப்கான் அரசு கூப்பிட்டதால் வந்தோம் என்றது மாஸ்கோ. கூப்பிட்டதாகச் சொல்லப்பட்ட அரசின் தலைவர் ஹஃபிசுல்லா அமீனை, விருந்தாளிகள் வந்த கையோடு மாளிகையிலேயே கொன்றுவிட்டார்கள். புதிய தலைவர் பாப்ரக் கர்மால் வெளியிலிருந்து வந்தார். ஐ.நா.வில் பலரும் சுட்டிக்காட்டிய ஓட்டை இதுதான்.

அழைப்புக் கடிதம் என்பது தலையிடும் நாடுகள் எல்லாமே தேடும் பொருள். 1968இல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் போனபோதும் உள்ளூர்க் கம்யூனிஸ்டுகள் சிலர் கூப்பிட்டார்கள் என்றே சோவியத் சொன்னது. அந்த நாட்டு அரசு அப்படி யாரும் கூப்பிடவில்லை என்று மறுத்தது. கடிதம் உண்மையிலேயே இருந்தது. வாசில் பிலாக் உள்ளிட்ட சிலர் கையெழுத்திட்ட அதை, 1992இல் ரஷ்ய அதிபர் எல்ட்சின் செக்கோஸ்லோவாகியத் தலைவர் வாக்லாவ் ஹாவெலிடம் ஒப்படைத்தார். 24 ஆண்டு மாஸ்கோவில் பூட்டி வைத்திருந்தார்கள். 1983இல் கரீபியன் தீவு நாடான கிரனடாவுக்குள் படை அனுப்பியபோது அமெரிக்காவும் அங்கிருந்த கவர்னர் ஜெனரலின் வேண்டுகோளைக் காட்டியது.

சட்டப்படி இது ஏன் முக்கியம்? ஐ.நா. சாசனம் இன்னொரு நாட்டின் மேல் பலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அதற்கு எழுதப்பட்ட விலக்கு இரண்டுதான்: தற்காப்பு, அல்லது பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. ஒரு நாட்டின் முறையான அரசே கூப்பிட்டால் அது 'இன்னொரு நாட்டுக்கு எதிராக' ஆகாது என்பது வாதம். அதனால்தான் வீடு புகுகிறவன் முதலில் அழைப்பிதழைத் தேடுகிறான்.

அடுத்து, அறிக்கைகளின் சொற்கள். செய்தியில் 'உலக நாடுகள் கண்டனம்' என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படிக்கட்டு. 'கவனித்து வருகிறோம்' என்பது அடிப்படி. 'கவலை', 'ஆழ்ந்த கவலை', 'வருந்தத்தக்கது', 'வன்மையாக வருந்தத்தக்கது' என்று ஏறி, 'கண்டிக்கிறோம்' என்பதில் போய் முடியும். 'எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும்' என்று எழுதினால், அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்தியாகிவிட்டது என்று பொருள்.

இந்தச் சொற்களுக்கு உயிர் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1968 ஆகஸ்டில் செக் விவகாரம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தபோது இந்தியா அதில் உறுப்பினர். வரைவில் 'கண்டிக்கிறது' என்று இருந்தது. அதை 'வருந்துகிறது' என்று மாற்றினால் பரவாயில்லை என்பது இந்தியாவின் நிலை. மாற்றவில்லை, இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. இந்த மென்மையைப் பொறுக்க முடியாமல் இந்திரா காந்தியின் அமைச்சரவையிலிருந்து அசோக் மேத்தா ராஜினாமா செய்தார். ஒற்றை வினைச்சொல்லில் தொடங்கிய சண்டையில் ஒரு மத்திய அமைச்சர் போனார்.

1980 ஜனவரி 14 அன்று ஆப்கானிஸ்தான் குறித்துப் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். ஆதரவு 104, எதிர்ப்பு 18, விலகல் 18. அண்மைய ஆயுதத் தலையீடு வன்மையாக வருந்தத்தக்கது, வெளிநாட்டுப் படைகள் உடனே முழுமையாக வெளியேற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எந்த நாட்டின் படை? தேடிப் பாருங்கள், சோவியத் யூனியன் என்ற பெயர் கிடைக்காது. 1983 நவம்பரில் கிரனடா பற்றிய தீர்மானம்: ஆதரவு 108, எதிர்ப்பு 9, விலகல் 27. அங்கே 'சர்வதேசச் சட்டத்தின் அப்பட்டமான மீறல்' என்ற வார்த்தைகூட உண்டு. தலையிட்டது யார் என்று மட்டும் இல்லை. கோழைத்தனம் என்று தோன்றும். ஓட்டுச் சேர்ப்பவர்கள் கணக்கு வேறு: பெயரை எழுதினால் இருபது நாடு கழன்றுகொள்ளும், எழுதாவிட்டால் எல்லாருக்கும் புரியும், ஓட்டும் விழும். 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் குறித்த தீர்மானம் ரஷ்யாவைப் பெயர் சொல்லியே வந்து 141 ஓட்டு வாங்கியது. ஆனால் அதிலும் வினைச்சொல் 'கண்டிக்கிறது' அல்ல, 'மிக வன்மையாக வருந்துகிறது' என்பதே.

ஓட்டுப் போடாமல் ஒதுங்குவதையும் பலர் 'கருத்தில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு கருத்துதான். இந்தியா 1980இல் ஆப்கான் தீர்மானத்தில் ஒதுங்கியது, 2022இல் உக்ரைன் தீர்மானத்தில் ஒதுங்கியது. 'செய்தது சரி என்று சொல்ல மாட்டேன், நண்பனைச் சபையில் வைத்துத் திட்டவும் மாட்டேன்' என்பது அதன் பொருள். இந்தியாவுக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1971 டிசம்பர் 7 அன்று, கிழக்கு பாகிஸ்தான் போர் நடக்கும்போதே, போரை நிறுத்திப் படைகளைத் திருப்பி அழைக்கச் சொல்லி 104 நாடுகள் ஓட்டுப் போட்டன. இந்தியாவோடு நின்று எதிர்த்தவை பத்துச் சொச்சம் நாடுகள்தான். பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியாவைக் காப்பாற்றியது சோவியத் வீட்டோ. அந்தக் கடன் மனதில் இருக்கும்போது எட்டு ஆண்டு கழித்து எப்படி ஓட்டுப் போடுவார்கள்?

கடைசியாக, இதெல்லாம் பலிக்கிறதா? தீர்மானத்தால் மட்டும் பலித்ததாக எனக்கு ஓர் உதாரணமும் தெரியாது. கிரனடா தீர்மானம் பற்றிக் கேட்டபோது, நூறு நாடுகள் தங்களோடு ஒத்துப்போகவில்லை, அதனால் தன் காலை உணவு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார் அமெரிக்க அதிபர் ரீகன். ஆப்கானிஸ்தானுக்காக, அவருக்கு முந்தைய அதிபர் கார்ட்டர் சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். அர்ஜென்டினா கைகோக்க மறுத்து சோவியத்துக்கு விற்றது. வருமானம் போன அமெரிக்க விவசாயிகள் கத்தினார்கள், 1981 ஏப்ரலில் ரீகன் தடையை நீக்கினார். பொதுச்சபை ஓட்டு 104இலிருந்து 1987இல் 123 ஆக ஏறியது. படை அப்போதும் அங்கேதான் இருந்தது.

பலித்த இடம் 1956, சூயஸ். எகிப்து கால்வாயை நாட்டுடைமையாக்கியதற்காக பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் சேர்ந்து தாக்கின. கவுன்சிலில் பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோ போட்டதால் விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. 64 நாடுகள் போரை நிறுத்தச் சொல்லின. ஐந்து எதிர்த்தன. இந்த ஓட்டு பிரிட்டனை அசைக்கவில்லை. அசைத்தது பவுண்டு. கால்வாய் அடைபட்டு எண்ணெய் வரவில்லை, பவுண்டை எல்லாரும் விற்கத் தொடங்கினார்கள், கையிருப்பு கரைந்தது. பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்தின் கதவைத் தட்டியது. படையைத் திருப்பி அழைக்காமல் பணம் இல்லை என்று அமெரிக்கா குறுக்கே நின்றது. நவம்பர் 6 நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, டிசம்பரில் படை வெளியேறியது, ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். தலையிட்ட நாட்டுக்குக் கடன் கொடுக்கிறவன் கண்டித்தால் அது கண்டனம். மற்றவர்கள் கண்டித்தால் பத்திரிகைச் செய்தி. அதே வாரம் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டை நசுக்கின. அங்கேயும் தீர்மானம் வந்தது. ஆனால் மாஸ்கோ யாரிடமும் கடன் வாங்கியிருக்கவில்லை.

2022இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியது சூயஸ் பாடத்தை நினைத்துத்தான் என்பது என் ஊகம். பலன் அந்த அளவுக்கு வரவில்லை. எண்ணெய் வாங்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வியட்நாமும் ஐ.நா. தீர்மானத்துக்குப் பயந்து திரும்பவில்லை. உதவியும் வணிகமும் அடைபட்டு நாடு திணறியது. தாங்கிப் பிடித்திருந்த சோவியத் கொர்பச்சேவ் காலத்தில் கையை இழுத்துக்கொண்டது. 1989 செப்டம்பரில் கடைசிப் படைகள் வெளியேறின. அதுவரை அந்த நாற்காலி முதலில் கெமர் ரூஜிடமும், 1982க்குப் பிறகு சிஹானூக்கைத் தலைவராகக் கொண்டு அவர்களும் சேர்ந்த கூட்டணியிடமும் இருந்தது. இத்தனை ஆண்டு நாற்காலியில் இருந்தவர்களை விட்டுவிட்டுச் சமாதானம் பேச முடியுமா? 1991 அக்டோபரில் பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்கள் தரப்பும் கையெழுத்திட்டது. அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான கியூ சம்பான், ஒப்பந்தப்படி பிரதிநிதியாக, நவம்பர் 27 அன்று விமானத்தில் நாம் பென்னுக்கு வந்து இறங்கினார். அங்கே இருந்தவர்கள் ஐ.நா. தீர்மானம் எதையும் படித்தவர்கள் அல்ல. கூட்டம் வீட்டுக்குள் புகுந்து அடித்து, அவர் தலையிலிருந்து ரத்தம் ஒழுகியது. அன்றே அவர் பாங்காக்குக்குத் தப்பிப் போனார்.